எண்ணெய் முழுக்கும் ஒரு செப்புத் தகடும்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. ரொறன்ரோ நகரின் கிழக்கே, டோர்செட் பார்க்கில், மகள் வீட்டுக் குளியலறையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு நின்றேன். எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு என்று வானொலி சொன்னது. சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகுவது யாழ்ப்பாணத்தில் நான் ஒருநாளும் விடாத பழக்கம். பதினோராம் மாடிக்கு வந்ததற்காக அதை விடுவதாக இல்லை.

மகள் வதனி கதவைத் தட்டினாள்.

"அப்பா, இண்டைக்கும் எண்ணெயே? ஆக்களோட நிண்டு வேலை செய்யப் போறியளல்லோ."

"முழுகினாப் போயிடும், பிள்ளை."

"சாம்பூவைப் போட்டு முழுகுங்கோ. சும்மா சுடுதண்ணியை ஊத்திப்போட்டு வராதேங்கோ."

ஓம் என்றேன். சாம்பூவின் மணம் எனக்கு ஒத்துவராது. சுடுதண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தேன். நான் சொல்ல வந்த தீங்கு அங்கேதான் தொடங்கியது.

கல்லூரியில் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டில் நாள் முழுக்கச் சன்னலோடு இருந்து பனியைப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. நூலகத்தில் வேலை செய்த வதனி அங்கே ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து என் பெயரைக் கொடுத்துவிட்டாள். யப்பானிய முறையில் உலோக வேலை, சனியும் ஞாயிறும், இரண்டு நாள் பட்டறை. செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையில் உருக்கி ஊற்றும் பற்றாசு இல்லாமல், நெருப்பினால் மட்டும் ஒன்றாக ஒட்டவைத்து, பிறகு அடித்துச் செதுக்கினால் அறுத்த மரத்தின் வைரத்தில் உள்ளதுபோல வரி ஓடும்.

"மாமாவுக்கு உது நல்ல பொழுதுபோக்கு. ஆனா கட்டடத்தைக் கொளுத்திப்போடாதேங்கோ, மாமா," என்றார் மருமகன் சிவா.

வாசலில் வதனி என் கழுத்துச் சால்வையை இறுக்கினாள். "ரயில் மேடையில தண்டவாளப் பக்கம் நிக்காதேங்கோ, அப்பா. சுவரோட நில்லுங்கோ. பின்னால ஆர் வாறாங்கள் எண்டு பாருங்கோ."

அந்த நாட்களில் எங்களைப்போன்ற நிறத்தவர்களை நிலக்கீழ் ரயிலில் தள்ளுவதும் துப்புவதும் நடந்துகொண்டிருந்தது. தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம். ஒருவருக்கு நடந்தது எல்லாருடைய வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக் கதையாக வரும்.

கென்னடி ரோட்டில் பஸ் ஏறி வார்டன் நிலையம், அங்கிருந்து ரயிலில் ஸ்பதைனா நிலையம், பிறகு தெற்கே இன்னொரு பஸ். எல்லாமாக ஒன்றேகால் மணித்தியாலம். வார்டனில் சுவரோடுதான் நின்றேன். ரயில் பெட்டியில் மூன்று இளைஞர்கள் எனக்கு எதிரே வந்து இருந்தார்கள். ஒருவன் காற்றை முகர்ந்து மூக்கைப் பொத்தினான். "எண்ணெய்த் தலை!" என்றான் மற்றவன். மூன்றாமவன் எழுந்து வந்து என் தொப்பியை உயர்த்திப் பார்த்து, விரல்களை என் கோட்டில் துடைத்தான். பெட்டி நிறையச் சனம் இருந்தது. எல்லாரும் பத்திரிகை வாசித்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவர்கள் இறங்கிய பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

பட்டறை, குயின் வீதிக்குக் கிட்ட, பழைய உடுப்புத் தொழிற்சாலை ஒன்றின் பின்கட்டில் இருந்தது. இரும்புக் கதவைத் திறந்ததும் கரி மணம். உலையின் வாய் சிவந்து கிடந்தது. கற்பித்தவள் மிட்சுகோ. ரொறன்ரோவில் பிறந்து, கியோட்டோவுக்குப் போய்ப் பழகி வந்தவள், என் மகளிலும் இளையவள். நாங்கள் ஆறு பேர், இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டோம்.

எனக்கு வாய்த்த கூட்டாளி ஹெலன். ஒஷாவாவில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கார்த் தொழிற்சாலையில் இருக்கைகள் தைத்தவள். முந்தின இலையுதிர் காலத்தில் கணவன் இறந்திருந்தான். அவனுடைய வெள்ளிச் சிகரெட் பெட்டியை முற்கூட்டியே கொடுத்துத் தகடாக உருட்டுவித்திருந்தாள். அவள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"முப்பது வருசமா இதை உருக்கிப்போடுவேன் என்று அவரை வெருட்டினேன், புரொபசர். இன்றைக்குத்தான் நாள் வந்தது."

"உருக்கக் கூடாது, ஒட்டத்தான் வேண்டும்," என்றேன்.

"பாருங்கள், இப்பவும் அவர் தப்பிவிட்டார்!" என்று சிரித்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "கழுத்தில் போட ஒரு பதக்கம். வேறு ஒன்றும் அவருடையது என்னிடம் இல்லை. இதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றாள்.

மிட்சுகோ எங்களுக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. தகட்டில் கை படக் கூடாது. கல்மாவு போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் பிடித்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் பட்ட இடம் நெருப்பில் கருகி நிற்கும். உலோகம் ஒட்டாது. ஓரத்தை மட்டும் பிடிக்கவேண்டும்.

ஹெலன் கழுவித் துடைத்து நீட்டினாள். நான் ஓரம் பிடித்து அடுக்கினேன். செம்பு, வெள்ளி, செம்பு, வெள்ளி. உலையின் வெக்கையில் எனக்கு வியர்த்தது. தொப்பியைக் கழற்றினேன். தொப்பியைக் கழற்றினால் என் கை தானாகவே தலைமயிரைத் தடவி அமத்தும். தடவினேன். அடுத்தது ஒரு செப்புத் தகடு. அது சற்றுச் சரிந்து உட்கார்ந்தது. நேராக்குவதற்காக நடுவில் மூன்று விரலை வைத்து அழுத்தினேன்.

விரல் வழுக்கியது. நல்லெண்ணெய் மணம் எனக்கே அடித்தது.

உலையைவிட்டு விலகி இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். மிட்சுகோ நாலடி தூரத்தில்தான் நின்றாள். தகட்டை மறுபடி கழுவ ஐந்து நிமிடம் போதும். ஆனால் நான் என்ன சொல்லவேண்டும்? என் தலையில் எண்ணெய் என்று. காலையில் கேட்ட சிரிப்பு காதில் அப்படியே இருந்தது. இங்கே நிற்கும் ஐந்து பேரும் மூக்கைப் பொத்துவார்கள் என்று பயந்தேன். அவர்களில் ஒருவரும் என்னை ஒரு குறைசொல்கூடச் சொன்னதில்லை. ஹெலன் அடுத்த வெள்ளித் தகட்டை நீட்டினாள். வாங்கி அதன்மேல் வைத்து மூடினேன்.

இரும்புத் தட்டுகளுக்கு இடையில் அடுக்கை வைத்து, திருகி இறுக்கி, கரிக்குள் புதைத்தோம். செம்பும் வெள்ளியும் தொடும் இடம், இரண்டும் தனித்தனியே உருகும் சூட்டுக்கு முன்பே உருகிவிடும். இதை நான் எத்தனையோ வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை. "ஓரம் வியர்த்ததுபோல மினுங்கும். அப்போது எடுக்கவேண்டும். ஒரு மூச்சுப் பிந்தினாலும் எல்லாம் குட்டையாக ஓடிவிடும்," என்றாள் மிட்சுகோ. ஹெலன் நீண்ட குறடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரம் மினுங்கியதும் "இப்போது!" என்று கத்தினேன். எடுத்தாள். அடுக்கு ஒரே கட்டியாக நின்றது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஒருவேளை ஒட்டிவிட்டதோ என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அடிக்கத் தொடங்கினோம். மங்கல் சிவப்பாகச் சூடாக்கி, நான் குறட்டால் பிடிக்க, ஹெலன் சுத்தியலால் அடித்தாள். முதலில் கல்லில் அடித்ததுபோலத் திடமான ஒலி. பிறகு உடைந்த சட்டியைத் தட்டியதுபோல ஒன்று. அவள் நிறுத்துவதற்குள் இன்னும் ஓர் அடி விழுந்தது. மேற்பாதி கழன்று பறந்து என் சப்பாத்துக்கு அருகே விழுந்து புகைந்தது. ஒரு தகடு விட்டதும் மற்றவையும் ஓரங்களில் பிளந்துகொண்டன.

மிட்சுகோ அதைக் குறட்டால் எடுத்துத் திருப்பினாள். ஒட்டாத செம்பு முகத்தின் நடுவில் முட்டை வடிவில் மூன்று கரிய புள்ளிகள்.

"யாருடைய கை?" என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

என் வலதுகையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

"என்னுடையதுதான்," என்றாள் ஹெலன். தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "குளிருக்குக் கிறீம் பூசுவேன். நேற்றும் பூசினேன். கழுவினேன், ஆனால் போகவில்லைப்போல." அவள் முகம் சாம்பலாக இருந்தது. "முப்பது வருசம் சொன்னேன். கடைசியில் செய்துவிட்டேன்."

தேறியது பெருவிரல் அகலத் துண்டு ஒன்றுதான். மிட்சுகோ அதைச் செதுக்கி மட்டமாக அடித்துக் கொடுத்தாள். நிறம் ஏற்றுவதற்கு முன் முள்ளங்கியைத் துருவி அதன் சாற்றைப் பூசினாள். கொதிக்கும் பச்சைக் கரைசலில் இட்டதும் செம்பு காய்ந்த மிளகாய் நிறத்துக்கு இருண்டது, வெள்ளி வெள்ளையாகவே வரி வரியாக நின்றது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஹெலன் அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

"நீங்கள் 'இப்போது' என்று கத்தாவிட்டால் இதுவும் இல்லை."

வாங்கிக்கொண்டேன். அதையும் செய்தேன்.

பின்னேரம் ஐந்து மணி. முதல்நாள் காலை ரயிலில் நடந்ததைப் பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லியிருந்தேன், எண்ணெய்க் கதையை விட்டுவிட்டு. தன் பஸ்ஸைத் தவறவிட்டு என்னோடு ஸ்பதைனா நிலையத்துக்கு வந்தாள். மேடையில் என்னைச் சுவரோடு நிறுத்தி, தண்டவாளப் பக்கம் அவள் நின்றாள். "இந்தக் கைகளுக்கு இனிமேல் கிறீம் வேண்டாம்," என்றாள். ரயில் வந்தது. நான் ஏறினேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், சித்திரை மாதம், சிவாவிடம் என்னை ஒஷாவாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். காரில் முக்கால் மணித்தியாலம்.

"என்ன மாமா, வெள்ளைக்காரச் சிநேகிதியோ? ஊரில இருக்கிற மாமிக்குத் தெரியுமோ?"

"வாயை மூடிக்கொண்டு ஓட்டும்."

"பத்து நிமிசம்தான் நிப்பன். வதனி கேட்டா நான் ஒண்டும் காணேல்லை."

ஹெலன் கதவைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவள் கைகள். விரல் கணுக்கள் வெடித்து, இரண்டு விரல்களில் ஒட்டுத்துணி. மற்றவற்றில் காய்ந்த இரத்தக் கோடு. மிச்சக் குளிர்காலம் முழுக்க அவள் கிறீம் தொடவில்லை.

வாசலில் நின்றபடியே சொன்னேன். அந்த மூன்று விரல் என்னுடையது, தலை எண்ணெய், தகட்டை வைக்கும்போதே எனக்குத் தெரியும் என்று.

"அப்போதே?"

"அப்போதே."

"ரயில் மேடையிலும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தெருவைப் பார்த்தாள். பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. "இரண்டு மாதம், புரொபசர். கோப்பை கழுவும்போதெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

என் பாதித் துண்டை நீட்டினேன். எடுத்து உடுப்புப் பைக்குள் போட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு உள்ளே போய்ச் சிறிய டப்பா ஒன்றோடு வந்தாள். என் முன்னால் நின்று, கிறீமை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பூசினாள். வெடிப்பில் படும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினாள். பத்து விரலும் முடியும்வரை நான் அங்கேயே நின்றேன்.

சிவா ஹோர்ன் அடித்தார்.

"உங்களைக் கூப்பிடுகிறார்கள்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை.

அடுத்த நாள் விமானம் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு ரயில் மேடைப் பயம் இல்லை. என் தலையை ஒருவரும் முகர்ந்து பார்ப்பதில்லை, எல்லாத் தலையிலும் எண்ணெய்தான். இன்றும் சனிக்கிழமைகளில் முழுகுகிறேன். சீயாக்காய் போட்டு இரண்டு தரம் தேய்க்கிறேன். முழுகி முடித்ததும் கிணற்றடியில் வலதுகையின் மூன்று விரலை நீட்டி, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். அது பரவுவதில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழுகிறது.