இரவல் கதிரையைத் திருப்பிக் கொடுத்த நாள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பனியில் வழுக்கிக் கால் முறிந்தபோது, முன்னாள் படைவீரர் சங்கம் மூன்று மாதத்துக்கு இரவல் தந்த சக்கர நாற்காலியை நான்கு வருடம் வைத்திருந்தேன். கால் எப்போதோ சரியாகிவிட்டது. அதில் அரிசி மூட்டை ஏற்றித் திரிந்தேன்.

இன்று காலை டோர்வலில் இரவு வேலை முடித்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கதிரையைக் குடுத்திட்டு வந்து படுங்கோ."

"நித்திரை வருதப்பா."

"அப்ப அதிலேயே இருந்து உருண்டு போங்கோ."

புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியின் சரிவான வாசலில், சங்கத்து ஜில் ஐயா, போரில் இறந்தவர்கள் நினைவாகச் சட்டையில் குத்தும் பொப்பிப் பூப் பெட்டியுடன் ஒரு மேசையருகில் நின்றார். எண்பது வயது. போரிலிருந்து திரும்பியவர்கள் தங்களுக்குள் உதவத் தொடங்கிய சங்கம் அது; இன்று ஊருக்கே கட்டில், ஊன்றுகோல் எல்லாம் இரவல் கொடுக்கிறது. ஆனால் பூ விற்க ஆள் இல்லை. அவர் வீட்டுக்குப் போனால் மேசையை மூட வேண்டியதுதான். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏச்சு வாங்கத் தயாராகக் கதிரையை உருட்டிக்கொண்டு கிட்டப் போனேன்.

"உன் கால் எப்படி?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சுகம். நீங்கள் ஏன் நிற்கிறீர்கள்?"

"கதிரையெல்லாம் இரவல் போய்விட்டது" என்று சிரித்தார்.

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "இருங்கோ ஐயா" என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாடா என்று சாய்ந்தார். கதிரை சரிவில் உள்ளே உருளத் தொடங்கியது.

அரிசி மூட்டையால் பிரேக் தேய்ந்துபோனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பிரேக் திருத்தத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஐயா இப்போது சப்பாத்துக் கடைக்குள் இருக்கிறார்.