எழுபது கிரகங்களும் ஒரு சங்க கீதமும்

மூன்று வருடமாக நான் எழுதிவரும் விண்வெளி நாவலில் ஒரு பேரரசர் இருக்கிறார். அவருக்குக் கீழே எழுபது கிரகங்கள். ஒன்றில் உடம்பெல்லாம் செதில் உள்ளவர்கள், இன்னொன்றில் மூன்று கால்காரர்கள். இவர்களையெல்லாம் எப்படிக் கட்டி மேய்ப்பது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. போர்க்கப்பல் அனுப்பிப் பார்த்தேன், வரியைக் குறைத்தும் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயம் வந்தால் யாராவது கோபித்துக்கொண்டு பிரிந்துபோய்விடுவார்கள்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பேரரசுக் கீதம் எழுதினேன். மூன்று கால்காரர்கள் எழுந்து நின்று பாடிய இடத்தில் எனக்கே கண் கலங்கியது. என் மனைவி படித்துவிட்டு, "பாட்டுக்காகவா கூட இருப்பாங்க?" என்றாள். இலக்கியம் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

பாட்டின் வலிமையை நிரூபிக்க எனக்கு ஒரு சாம்ராஜ்யம் தேவைப்பட்டது. கைவசம் ஒன்று இருந்தது. பல்லேபொலவில் எங்கள் தெருவின் மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலி, கூடாரம், தேநீர் எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். முஸ்லிம்கள், சிங்களவர்கள், கத்தோலிக்கர்கள், எங்களைப் போன்ற சைவர்கள் எல்லோரும் அங்கத்தவர்கள். கணிதம் படிப்பிக்கும் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அது. அதை இழக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்க கீதத்தை எல்லோருக்கும் கொடுத்தேன். தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி, துள்ளலான மெட்டு. பிரேதம் எடுக்கும் முன் கைதட்டிப் பாட வேண்டும் என்று விதியும் எழுதியிருந்தேன்.

மூலைக்கடை ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். "சேர், இதப் பாடினா மய்யத்தே எழும்பி ஓடிடும்" என்றார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தன் சாவுக்கு யாராவது கைதட்டினால் பேயாக வந்து பிடிப்பேன் என்று சிங்களத்தில் சபதம் செய்தார்.

நான் மசியவில்லை. "பாடாதவர்களுக்கு இங்கே இடமில்லை!" என்றேன். அது என் பேரரசரின் வசனம், வாயில் தயாராக இருந்தது.

"அப்ப பிரிஞ்சிடுவோம்" என்றார் ஹாஜியார். உடனே பொருட்களைப் பங்குபோடத் தொடங்கினார்கள். நாற்காலிகள் சுலபமாகப் பிரிந்தன. கூடாரம் ஒன்றே ஒன்றுதான். கூரை ஒரு பக்கத்துக்கு, கம்பிகள் மறுபக்கத்துக்கு என்று யாரோ சொன்னார். மழை பெய்தால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதா என்று சாரதி கேட்டார். பெரிய தேநீர்ப் பாத்திரத்தின் மூடி யாருக்கு, குழாய் யாருக்கு என்று வந்தபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கத்தோலிக்கத் தாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடாரத்த வெட்டுறத விட தலைவர மாத்துறது லேசுதானே?" என்றார்.

எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. எங்கள் தெருவில் அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதேயில்லை. என் மனைவியின் கையும் அதில் இருந்தது.

"கூடாரம் வேணுமேங்க, நாளைக்கு நமக்கும்தான்" என்றாள் வரும் வழியில். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் நாவலைத் திறந்து பேரரசரை வீட்டுக்கு அனுப்பினேன். எழுபது கிரகங்களும் ஒன்றாகவே இருந்தன. ஒரு அத்தியாயம் முழுக்க அவரை யாருமே தேடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.