சுவரில் ஒட்டிய தாள்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் நடந்தது இது. புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் சேர்ந்து எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றவே மனசு வராது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மறுநாள்தான் அவருடைய முறை. ஆனால் அன்றைக்கே கறம்பக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"காலு ரெண்டும் பஞ்சாட்டம் இருக்கு ஆத்தா. வேற ஒண்ணுமில்ல. எனக்கும் அந்தப் படத்தை எடு, நீ மிசின்ல வேலை பாக்குறதப் பாத்துட்டுப் போறேன்."

பெருமையாகப் படுக்க வைத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா, "ஒங்க மக எடுத்தா நெஞ்சுல இருக்கிற ரகசியமெல்லாம் வெளியே வந்துரும், பாத்துக்கங்க" என்று சீண்டினார்.

"அவ அம்மா காதுக்குப் போகாம இருந்தாச் சரி" என்று சிரித்தார் அப்பா.

தாளில் வந்த கோட்டைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மெதுவாக எழுந்து இறங்க வேண்டிய அலை, வேல் முனை மாதிரி ஒடுங்கி உயர்ந்து நின்றது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இப்படி வரும், முற்றினால் இதயமே நின்றுவிடும் என்று படித்திருந்தேன். மறுபடி எடுத்தேன். அதே முனைகள்.

தாளைக் கிழித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"நடந்து வந்தவருதானேம்மா? ரத்தம் எடுக்கச் சொல்லு, ரிசல்ட் வரட்டும்" என்றார் டாக்டர்.

"இதைப் பாருங்க சார். பாக்குற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

பார்த்தார். என்னைவிட வேகமாக ஓடி வந்தார். நரம்பில் கால்சியம் ஊசி, கையோடு டயாலிசிஸ். மாலையில் எடுத்தபோது அலை தணிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"என்னப்பா சாப்பிட்டீங்க?"

"தண்ணிய டம்ளர்ல அளந்துதான் குடிக்கிறேன் ஆத்தா. வெயிலுக்குத் தோப்புல தெனம் ரெண்டு எளநி. குளுமைதானே அது?"

இளநீரில் பொட்டாசியம் அதிகம். "எளநி கூடாதுன்னு பெரிய எழுத்துல எழுதி வீட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கேனேப்பா!"

"எம்மக அம்புட்டு அழகா எழுதியிருக்கான்னு வர்றவுகளுக்கெல்லாம் காட்டுவேன். என்ன எழுதியிருக்குன்னு எங்க ரெண்டு பேத்துக்கும் எப்புடித் தெரியும்?"

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அதைத் தெரிந்தே வளர்ந்தவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எதெல்லாம் கூடாது என்று வாயால் சொல்லி, இருவரும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. டயாலிசிஸ் நோயாளி யார் வந்தாலும் இன்றும் அப்படித்தான். திருப்பிச் சொல்லாமல் என் கட்டிலிலிருந்து இறங்க விடுவதில்லை. அந்த வேல் முனைகளை நான் மறக்கப்போவதில்லை, என் அழகான கையெழுத்தையும்தான்.