இரைச்சல் ஏறும் இடம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அம்மா அதை மிக்ஸி என்று நினைத்தாள். மிக்ஸி வாங்கித் தருவதாகத்தான் நைனா சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே கையகலத்தில் ஒரு பச்சை போர்டு, மிளகும் சீரகமும் கட்டி வைத்ததுபோல் குட்டிக் குட்டிப் பைகளில் ஏதேதோ சாமான்கள், ஒரு சுருள் செம்புக் கம்பி. "இத்த வச்சி சட்னி அரைக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். அவர் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். ஆலையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்தமாக ரேடியோ செய்து, முகம் தெரியாதவர்களோடு ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு அது. நைனாவிடம் உரிமமும் இல்லை, ரேடியோவும் இல்லை. திருநின்றவூரில் ஒரு நண்பர் இருந்தார், ரயில்வேக்காரர். அவரிடம் இரண்டும் இருந்தன. அட்டைப்பெட்டியில் வந்த அந்த ரேடியோ கிட்டை வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். முதலில் கேட்பதற்கு மட்டும் ஒன்றைச் செய்யட்டும், பேசுவதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் தன் வீட்டிலிருந்து ரேடியோவில் பேசுவார். நடுவில் நைனாவுக்கென்று ஒரு வாக்கியம் சொல்வார். நைனா அதைக் கேட்டு, பிறகு போனில் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் நைனா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, அந்த போர்டின் முன்னால் உட்கார்ந்தார். ஈயப் புகை வாசனை எங்கள் சாம்பார் வரைக்கும் வந்தது. மொட்டை மாடியிலிருந்து பக்கத்துக் காம்பவுண்டு வேப்பமரத்துக்கு ஏரியல் கம்பி கட்டினார். மறுநாளே அம்மா அதில் துணி காயப்போட்டாள். நைனா எடுக்கச் சொன்னதற்கு, சும்மா தொங்கும் கம்பி நாலு பாவாடையாவது தாங்கட்டுமே என்றாள். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பொதுவாகவே அம்மா சொல்லும் பலவற்றுக்கு அவரிடமிருந்து பதில் வராது. "எங்கியோ கீறவன் பேசறத கேக்க மிசினு செய்றாரு. அடுப்பாண்ட நிக்கிறவ அஞ்சு தபா கூப்ட்டா காதுல உழல" என்று அம்மா தெருவில் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் மாட்டி முடிந்தது. கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. போர்டின் ஓரத்தில் டிரிம்மர் என்று ஒரு சின்னத் திருகு இருந்தது. ஏரியலை மாட்டினால் ஸ்பீக்கரில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். திருகை மெல்லத் திருப்பினால் அது ஏறும், ஓர் இடத்தில் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் இறங்கிவிடும். அந்த உச்சத்தில் திருகை நிறுத்த வேண்டும். அப்போதுதான் ரிசீவருக்குப் பேச்சு கேட்கும். இரும்பு பட்டால் கணக்கு மாறிவிடும் என்று நைனா ஓர் ஐஸ் குச்சியின் நுனியைச் செதுக்கி ஸ்க்ரூடிரைவர் செய்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"பாப்பா, இரைச்சல் எங்க ஜாஸ்தியா கீதோ, அங்க இப்பன்னு சொல்லு."

இது எனக்கு வைத்த பரீட்சை என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ரேடியோ செய்தவருக்கு விடை தெரியாமலா இருக்கும்? வகுப்பில் டீச்சர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் டீச்சருக்கு முன்பே விடை தெரியும். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். இன்றும் அப்படித்தான், ரேஷன் கார்டு எண்ணைக் கேட்டால்கூட மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் சொல்வேன். அன்று நான் ஸ்பீக்கரைக் கேட்பதை விட்டுவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்தேன். டீச்சர் முகத்தில் விடை தெரிவதுபோல் அவர் முகத்திலும் தெரியும் என்று நம்பினேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணத்தில் அவர் புருவம் லேசாக உயர்ந்தது. நான் "இப்ப" என்றேன்.

நைனா கையை எடுத்துவிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் ஒன்பது மணிக்கு ரேடியோவில் ஒன்றுமே வரவில்லை. ஒன்பதரை வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். போனில் நண்பர், தான் கால் மணி நேரம் பேசியதாகச் சொன்னார். நைனா சாரி சார், சாரி சார் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் போர்டைப் பிரித்தார். தான் பற்றவைத்த ஈய சால்டர்தான் தப்பு என்று நினைத்து, வைத்ததை எல்லாம் உருக்கி எடுத்து மறுபடி வைத்தார். செம்புக் கம்பியை அவிழ்த்துச் சுற்று எண்ணி மறுபடி சுற்றினார். புதன்கிழமை விரலைச் சுட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே அதையெல்லாம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னார், வரும் ஞாயிறும் வரவில்லையென்றால் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம். அம்மா அன்று கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பவும் என்னை எதிரில் உட்காரச் சொன்னார். ஐஸ் குச்சியை எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நைனா, போன வாரம் நான் சும்மா சொன்னேன்."

"எத்த?"

"இப்பன்னு சொன்னத. உன் மூஞ்ச பாத்து சொல்லிட்டேன்."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை என்றாலும். அவர் ரேடியோவோடு அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இப்ப மூஞ்சி தெரியாதுல்ல? என் முதுவு மேல கைய வையி. சத்தம் ஏற ஏற அழுத்து. எறங்குனா கைய எடுத்துரு. என்னைப் பாக்காத, டப்பாவ கேளு."

பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் நான் கேட்டேன். முதலில் தூரத்தில் குழாயில் தண்ணீர் வருவதுபோல் ஒரு சத்தம். பிறகு அது இட்லிப் பானைச் சீற்றமாக வளர்ந்தது. அழுத்தினேன். இன்னும் வளர்ந்தது. இரண்டு கையாலும் அழுத்தினேன். சட்டென்று அடங்கியது, கையை எடுத்தேன். நைனா ஒரு நூல் பின்னால் திருப்பினார். திரும்ப வந்தது. பனியனுக்குள் அவர் முதுகு வியர்த்திருந்தது. "இங்கியா?" என்றார். "இங்கதான்" என்றேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு ஸ்பீக்கரில் ஒரு ஆள் பேசினார். அம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். நைனா என்னைப் பக்கத்தில் இழுத்து, ரேடியோவில் அந்த ஆள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும்படி சொன்னார். இது டிக்டேஷன் போலும் என்று நான் உரக்கச் சொன்னேன். ஜூன் மாதத்தில் அந்த ஆள் எதற்கு நவம்பர் நவம்பர் என்கிறார் என்று குழம்பினாலும் அதையும் சொன்னேன். ரேடியோக்காரர்கள் N என்ற எழுத்தை அப்படித்தான் சொல்வார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு நோட்டில் நைனா ஒவ்வொரு சொல்லாக எழுதினார். கடைசியில் "எங்க ஊட்ல இன்னிக்கி நாஷ்டாவுக்கு வடகறி" என்று ரேடியோ சொன்னது, நானும் சொன்னேன். நைனா போன் செய்து வடகறியைப் பற்றிச் சொன்னதும், அந்தப் பக்கத்துச் சிரிப்பு வாசல் வரை கேட்டது. அம்மா ஏரியலில் இருந்த துணிகளைத் தானாகவே எடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருடம் நைனா உரிமம் வாங்கினார். நான் படித்து, கல்யாணமாகி, வேப்பம்பட்டுக்கு வந்தேன்.

போன மாதம் என் இரண்டரை வயது மகளுக்குக் காது பரிசோதிக்கப் போனோம். கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. என் மாமியார் அது விளையாட்டுப் புத்தி என்றார், கணவர் சிரித்தார், எனக்குத்தான் மூன்று வாரம் தூக்கம் இல்லை. அவளைத் தூக்கிக்கொள்ள நைனா வந்திருந்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. போகிற போக்கில், குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்று பரிசோதித்த அம்மாள் கேட்டார். இல்லை என்றேன்.

"எனக்கு கீது மேடம்" என்றார் நைனா.

வயதாகிவிட்டது, இப்போதுதான் கொஞ்சம் மந்தம் என்று நான் அவசரமாக விளக்கம் சொன்னேன். அவர் தலையாட்டினார். "இல்ல பாப்பா. நீ நாலாங்கிளாஸ் படிக்கசொல்லவே போயிருச்சி. மில்லு சத்தம். தடிச்ச சத்தம் கேக்கும், உஸ்ஸு புஸ்ஸுலாம் கேக்காது. வெளிய சொன்னா கிரேன்லேந்து எறக்கிருவான்னு உங்கம்மாகிட்டகூட சொல்லல."

ஆட்டோவில் ஏறினோம். பிறகு, ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு இரண்டாவது தடவையும் நான் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

"சொல்லியிருந்தா எனக்கு இன்னா தெரியும்?" என்றார், என் மகளின் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை, கையை அவர் முதுகிலிருந்து எடுத்ததும் நான் தெருவுக்கு விளையாட ஓடினேன். பரீட்சையில் பாஸாகிவிட்டேன், நைனாவும் பொய்யை மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நைனாவிடம் விடையே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாத உழைப்பையும் நண்பர் முன்னால் தன் மானத்தையும், பொய் சொன்னேன் என்று அந்த நிமிடம்தான் ஒத்துக்கொண்ட ஒருத்தியின் இரண்டு கைகளில் வைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியாது.