எர்மெஸ் நின்ற இடம்

ஒன்பது வருஷம் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதித்த எர்மெஸ் ஒரு பந்தயத்தில்கூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவன் வேலையும் இல்லை. அணித்தலைவன் மொரேனோவுக்குத் தண்ணீர் சுமப்பது, முன்னால் போய் அவனுக்காக எதிர்காற்றை வாங்கிக்கொள்வது, அவனுக்குப் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, இவ்வளவுதான்.

ஏழாம் வருஷம் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் அவன் ஊர் வழியாகப் போனது. அப்பா ஜில்தோ கொத்தனார். அன்று வேலைக்குப் போகாமல், தேவாலயத்துக்கு முன்னால் ரோட்டில் மகன் பெயரை வெள்ளைப் பெயின்டால் எழுதிவிட்டு, ஒயின் கடைக் கூட்டாளிகளோடு காத்து நின்றார்.

அதிசயமாக எர்மெஸ் அன்று இன்னும் இரண்டு பேரோடு மற்ற எல்லோரையும்விட நான்கு நிமிஷம் முன்னால் வந்துகொண்டிருந்தான். ஊருக்குள் நுழையும்போது மேலாளர் தார்சிசியோவின் கார் பக்கத்தில் வந்தது.

"மொரேனோ பின்னாடி தனியா மாட்டிக்கிட்டான். நின்னு, அவன் வந்ததும் முன்னால போய்க் காத்தை மறைச்சு இழுத்துட்டு வா."

"இது எங்க ஊருங்க. அப்பா நிக்கிறாரு."

"ஊரைப் பாக்கணும்னா பஸ் பிடிச்சு வந்து பாரு."

எர்மெஸ் தேவாலயத்துக்கு முன்னாலேயே ஒரு காலை ஊன்றி நின்றான். கைதட்டல் அடங்கிப்போனது. வண்டி கெட்டுவிட்டதென்று ஒருவர் ஸ்பேனரோடு ஓடிவந்தார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றான். ஜில்தோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மொரேனோ வந்தான், எர்மெஸ் அன்றைய பந்தயம் முடியும் மலையின் அடிவாரம்வரை அவனை இழுத்துப்போய்விட்டான். மொரேனோவுக்குப் பதினோராவது இடம். எர்மெஸோடு வந்த இருவரில் ஒருவன் ஜெயித்தான்.

இரண்டு வருஷத்தில் முழங்கால் போயிற்று. எந்த அணியும் எடுக்கவில்லை. ஊரிலேயே நாற்காலித் தொழிற்சாலையில் சேர்ந்தான். ஒயின் கடையில் எல்லோரும் அவனுக்காகத் தார்சிசியோவைத் திட்டுவார்கள், அவனும் தலையாட்டுவான். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

ஜில்தோ நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எர்மெஸ் கட்டிலருகே உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"தார்சிசியோ நில்லுன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுப்பா. அந்த மலையை நெனச்சுப் பயந்துட்டேன். இனிமே நான் தோத்தேன்னு யாரும் சொல்ல முடியாதுன்னு தோணுச்சு."

"தெரியும்டா. உன் மூஞ்சியப் பாத்தேன்ல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து ஒயின் கடைக்குப் போனபோது, யாரோ ஆறுதலாகத் தார்சிசியோவைத் திட்ட ஆரம்பித்தார்கள். எர்மெஸால் தலையாட்ட முடியவில்லை. குடிக்காமலே எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.