யாருக்கும் வேண்டாத கறுப்பு ரிப்பன்

போன வெள்ளிக்கிழமை, பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்தில், ஒரு கட்டாந்தரையில், தொடை எலும்பு முறிந்து கிடந்தேன்.

பதறாதீர்கள். எல்லாம் நடிப்பு!

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவைக் கவனிக்கும் டாக்டர் சுஜாதா என் சிநேகிதி. அணை உடைந்து, ஒரே நேரத்தில் ஊரே அடிபட்டுக் கிடந்தால் யாரை முதலில் காப்பாற்றுவது? அதற்கு ஓர் ஒத்திகை நடத்தினாள். "அடிபட்டவங்களா நடிக்க ஆள் வேணும்க்கா. நீங்க வந்தா ஸ்ட்ரெச்சர் எவ்வளவு வெயிட் தாங்கும்னும் தெரிஞ்சுடும்" என்றாள். இவ்வளவு அன்பாகக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

மற்ற நோயாளிகள் எல்லாம் டுவாக்ரா பெண்கள். ஆந்திராவில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அதுதான் பெயர். நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். சிவப்புச் சாயத்தை ரத்தமாகப் பூசிக்கொண்டு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிச்சாட்டூர் ஆஸ்பத்திரி நர்ஸ் லாவண்யா கை நிறைய ரிப்பன்களோடு வந்தாள். பங்காருபாளையத்துப் பெண். பாதி தெலுங்கு, பாதி தமிழ். பச்சை என்றால் நடக்க முடிகிறவர், காத்திருக்கலாம். மஞ்சள் என்றால் சிகிச்சை வேண்டும், ஆனால் கொஞ்ச நேரம் தாங்குவார். சிவப்பு — உடனே ஆம்புலன்ஸ். கறுப்பு? உயிர் இல்லை, அல்லது இனி செய்ய ஒன்றுமில்லை. தாண்டிப் போய்விட வேண்டும்.

தாண்டிப் போய்விட வேண்டும்... கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் கிடப்பது ஊரே, இருப்பது சில நர்ஸ்கள் என்றால் வேறு என்ன செய்வது? பணக்கார நாட்டிலும் இதே கணக்குதான். அங்கே கைகள் அதிகம். கை குறையக் குறையக் கறுப்பு கூடும்.

ரிப்பன் கட்ட ஆரம்பித்ததும் கலாட்டா. வெள்ளிக்கிழமை ஆயிற்றே! ஒருத்தியும் கறுப்புக்குக் கை நீட்டவில்லை. "நாளும் கெழமையுமா கறுப்பு கட்டிக்கினு போனா எங்க வூட்டுல உள்ள வுடுவாங்களா?" என்று ஒரு சண்டை. எல்லோருக்கும் மங்களகரமாக மஞ்சள்தான் வேண்டும். லாவண்யா அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ரிப்பன் மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அத்தனை பெரிய வெள்ளத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் சுமாராக அடிபட்டிருந்தார்கள். சுஜாதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு குரல். "இப்டி குடு நர்சம்மா, நான் கட்டிக்கிறேன்."

கன்னியம்மா. ஐம்பதைத் தாண்டியவர், கூலி வேலை செய்கிறவர். கறுப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நீட்டிப் படுத்தார். பிணம் பேசக் கூடாது என்பது விதி. இந்தப் பிணம் நிறுத்தவே இல்லை.

"எம் பொண்ணு மஞ்சுளாவுக்கும் இதாம்மா வேல. லண்டன் பக்கத்துல கீறா. அடிபட்டு வர்றவங்கள மொதல்ல பாக்கறது அவதான். இந்தக் கலரு கதையெல்லாம் போன்ல சொல்லிகீறா."

மஞ்சுளா நர்ஸிங் படித்தது திருப்பதியில். படிக்க வைத்தது கன்னியம்மாவின் கூலி. ஒரு காலத்தில் எங்கள் சித்தூர் ஜில்லாவில் வெளிநாடு என்றால் குவைத்தான். பிறகு கதவுகள் திறந்தன. ஏஜென்ஸிகள் வந்தன, இங்கிலீஷ் பரீட்சைக்கு கோச்சிங் சென்டர்கள் வந்தன. நர்ஸ் பெண்கள் வரிசையாக விமானம் ஏறினார்கள். கூரை வீடுகள் மாடி வீடுகள் ஆயின. இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

"ஊருக்கு வந்து போவாளா?" என்றேன்.

"வர்றேன் வர்றேன்னுதான் சொல்லிக்கினு கீறா. ஒரு தபா லீவு இல்லன்னா. ஒரு தபா கொழந்தைக்கு ஸ்கூலுன்னா. பேரப் புள்ளய போன்லதான் பாத்துகீறேன். தூக்கனதில்லம்மா."

வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "என்ன ஒரு போட்டோ புடி. கறுப்பு நல்லாத் தெரியணும். மஞ்சுளாவுக்கு அனுப்பு."

"ஐயோ, அவ பயந்துட மாட்டாளா?"

"பயப்படட்டும். பச்சைன்னா சிரிப்பா. செகப்புன்னா போன் பண்ணுவா. கறுப்புன்னாத்தான் பிளேன் ஏறுவா."

பெற்ற பெண்ணைப் பார்க்க ஒரு தாய் செத்துக் காட்ட வேண்டியிருக்கிறது! படம் எடுத்துவிட்டேன். மஞ்சுளாவின் பெயரையும் தேடி எடுத்துவிட்டேன். அனுப்பத்தான் விரல் வரவில்லை.

"மணி இன்னாம்மா ஆவுது?" என்றார் திடீரென்று.

"பன்னெண்டரை."

"வேணாம் வேணாம், அனுப்பாத! நைட் டூட்டி முடிஞ்சி கார் ஓட்டிக்கினு வூட்டுக்குப் போற நேரம். பதறிப் பூடுவா."

போனைப் பிடுங்கிக்கொண்டார். படத்தையும் அவரே அழித்தார். லாவண்யா வந்தாள், கறுப்பைப் பார்த்தாள், விதிப்படி தாண்டிப் போனாள். "எங்க மஞ்சுளா நடை மாதிரியே கீது" என்றார் கன்னியம்மா, அவள் போவதையே பார்த்துக்கொண்டு.

ஒத்திகை முடிந்தது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி சுஜாதா புலம்பினாள். "இதெல்லாம் தெரிஞ்ச நர்ஸ் ஜில்லாவுல எத்தனை பேர்க்கா? கத்துக்குடுத்து முடிக்கிறதுக்குள்ள கிளம்பிடறாங்க. இங்க இருக்கறது காண்ட்ராக்ட் வேலை, யாரைக் குத்தம் சொல்றது? லாவண்யாவும் அயர்லாந்து போறா. விசா மட்டும்தான் பாக்கி."

டெண்ட் வாங்கலாம். ஆம்புலன்ஸ் வாங்கலாம். வெளிநாட்டு உதவி கேட்டால் கருவிகள்கூட வரும். ரிப்பன் கட்டுகிற கையை எந்தக் கடையில் வாங்குவது?

எங்கள் பேச்சு கன்னியம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். ரிப்பனை அவிழ்க்க லாவண்யா குனிந்தபோது கேட்டார்.

"நீயும் போறியா நர்சம்மா?"

"அவுனும்மா, போறேன். தம்பி படிக்கணும்... போகாம எப்படி?"

"உங்கம்மா?"

"ஊர்லதான். தனியா இருக்காங்க."

போகாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போ. நல்லா இரு. எல்லாரும் போய்ட்டு வரேன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. நீயாச்சும் வா."

லாவண்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், எதற்கு மறைக்க?

நான் காரில் ஏறும்போது அவள் ஓடி வந்தாள். "மேடம், நீங்க திருப்பதிலதானே இருக்கீங்க? விசா வரணும்னு எனக்காக சுவாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." அவளுக்குப் பின்னாலேயே கன்னியம்மா. "அப்டியே எம் பொண்ணு வரணும்னும் சொல்லும்மா."

இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மலைக்குப் போனேன். வரிசையில் நிற்க நிற்க யோசனை. லாவண்யா போக வேண்டும் என்று கேட்பதா? அப்படியானால் பங்காருபாளையத்தில் இன்னொரு கன்னியம்மா. போக வேண்டாம் என்று கேட்பதா? அப்படிக் கேட்க நான் யார்? என் மகனுடைய அமெரிக்க விசாவுக்காக இதே மலையைப் படிப்படியாக ஏறியவள் நான். கேட்டது கிடைத்தது. அதனால்தான் இப்போது கேட்கவே பயமாக இருக்கிறது.

சரி, போகிற பெண்கள் எல்லாம் திரும்பி வருகிற மாதிரி இங்கேயே ஒரு வேலை, ஒரு மரியாதை, ஒரு ஆஸ்பத்திரி... பெருமாள் எதிரே வந்துவிட்டார். இதை எப்படி ஒரே மூச்சில் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

முதுகில் ஒரு கை. "ஜருகண்டி... ஜருகண்டி!"