எரிமலையில் ராகு காலம்

எரிமலை என்றார்கள். போய்ப் பார்த்தால் மேடு. புல் முளைத்த மேடு, அங்கங்கே துருத்திக்கொண்டு கறுப்புப் பாறை. பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் நெருப்புக் கக்கியதாம். படம் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அணைந்த அடுப்போடு யாராவது போட்டோ எடுப்பார்களா? இவர்கள் எடுப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கலிபோர்னியாவில், சன்னிவேலில் ஒரு இந்திய மளிகைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. அக்கா ஸ்பான்சர் பண்ணி வந்தவன். அக்கா வீட்டுக்காரர் சாஃப்ட்வேர். ஃப்ரீமாண்டில் மாடி வீடு. ஞாயிறானால் அவர்கள் கூட்டம் ஹைக்கிங் போகும். ஹைக்கிங் என்றால் நடப்பது. ஆபீஸுக்குக் கார், கடைக்குக் கார், தபால் பெட்டிக்குக் கார். நடப்பதற்கும் காரில்தான் போக வேண்டும், ஐம்பது மைல்.

அன்று நடக்கப் போகவில்லை. பெண் காட்டப் போனோம்.

அக்கா மகளுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் வீட்டிலேயே நடந்தது. வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த வாரம் கோயிலில் எல்லோரும் அக்காவைத் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அதனால் இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் எரிமலையில். பையனின் அப்பா கொடுத்த யோசனை. மேட்டில் ஏறி, சதுப்பைத் தாண்டினால் பழைய காலத்து இடிந்த வீடு ஒன்று இருக்கிறது, பக்கத்தில் மரமேசை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பிள்ளைகள் பேசட்டும், பிடித்திருந்தால் அப்போதே பூ வைத்துவிடலாம் என்றார். பூ வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கக் கூடாது.

தாய்மாமன் இல்லாமல் பூ வைக்க முடியாது. அதனால் என்னையும் கூப்பிட்டார்கள். வேன் ஓட்டுவதைச் சொல்ல வேண்டாம், பிசினஸ் என்று சொல்லு என்றாள் அக்கா. என்ன பிசினஸ் என்று கேட்டேன். அதையெல்லாம் அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றாள். கேட்கவும் இல்லை. கேசரி இருந்த ஹாட்பேக், மெதுவடை டப்பா, தண்ணீர்க் கேன் மூன்றையும் என் கையில் கொடுத்தார்கள். பிசினஸ்மேன் தூக்கினேன்.

அக்கா மகள் என்னோடு வேனில் வந்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், இறங்கும்போது சொன்னாள்.

"மாமா, பூ வைக்கறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட சொல்லிடணும். அம்மா விடமாட்டாங்க."

என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. நாலு மாதம். அடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கோர்ட்டில் முடிந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அதை இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. பூ வைத்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் திட்டம். பக்குவமாம். கையைக் கட்டிப்போட்டுவிட்டு மருந்து கொடுப்பது.

"சொல்லு," என்றேன்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். அன்று அதிகாலையில்தான் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தது. வருஷா வருஷம் ஏப்ரலில் தள்ளும். பையன் வீட்டில் மறந்துவிட்டார்கள். அப்பா, மகன் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் மணி கணக்குப் பார்க்கிறவர்கள். வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க ஆள் இல்லை.

பையனின் அப்பா கால்முட்டி வரை பூட்ஸ், தொப்பி, இரண்டு கையிலும் தடி. அம்மா பட்டுப்புடவை, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. வீட்டுத் தொட்டியில் பூத்த மல்லிகையைக் கட்டி, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். பையன் நல்ல உயரம். முப்பது வயது. அவன் முதுகுப்பையில் தண்ணீர் போதுமா என்று அம்மா திறந்து பார்த்தார்.

நடந்தோம். நல்ல நேரத்தில் உட்கார்ந்து பேசட்டும் என்று பெண்ணை எங்கள் பக்கமும் பையனை அவர்கள் பக்கமும் வைத்து நடந்தார்கள். ஒரே பாதைதான். நடுவில் பையனின் அப்பா, எரிமலைக் குழம்பு எப்படி ஆறியது என்று தடியால் காட்டிக்கொண்டே வந்தார். அக்கா வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கு மூச்சு வாங்கியது, அதையும் தலையாட்டல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மேடு இறங்கினால் சதுப்பு. கோரைப்புல், கறுப்புத் தண்ணீர், சேற்று வாடை. மேலே பலகைப் பாலம். இப்படி இடம் நம் ஊரில் இருந்தால் மண் கொட்டி மனை போட்டிருப்பார்கள் என்று அக்கா வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். இங்கே அவர் வாங்கின வீடே சதுப்பில் மண் கொட்டிப் போட்டதுதான். பாலம் குறுகல். எனக்குக் கை போதவில்லை. தண்ணீர்க் கேனைப் பாலத்தின் முனையில் வைத்துவிட்டுப் போனேன்.

இடிந்த வீடு என்பது நாலு மண்சுவர். கூரை இல்லை. சுற்றிலும் வேலி போட்டுத் தொடாதே என்று பலகை. ஸ்பானிஷ்காரர்கள் காலத்தில் மாட்டுக்காரன் ஒருவன் இருந்த வீடாம். அத்தனை பேரும் அதன்முன் கோயில்போல் நின்றார்கள். அந்த மாட்டுக்காரன் உயிரோடு வந்து இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் போலீஸுக்கு போன் பண்ணுவார்கள்.

மேசையில் உட்கார்ந்தோம். எங்கள் கடிகாரத்தில் ஐந்து ஆகப்போகிறது. பையனின் அம்மா பூவை வெளியே எடுத்தார். அப்போது அக்கா கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம் ஆயிற்றே என்று. எங்கள் வாட்சில் இன்னும் நாலு மணிதான் என்றார் அந்த அம்மா. வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

"சூரியனுக்கு டேலைட் சேவிங் தெரியாதுங்க. மணியைத் தள்ளினா ராகுவையும் தள்ளணும். அஞ்சரைக்குத்தான் ஆரம்பம்," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"அது தப்புங்க. பகலை எட்டாப் பிரிக்கணும். ஞாயித்துக்கிழமை கடைசிப் பங்கு ராகு. இங்க சூரியன் மறைய ஏழரை ஆகுது. அப்ப ஆறுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆரம்பம்," என்றார் பையனின் அப்பா.

இரண்டு பேர் கணக்கிலும் நேரம் இருந்தது. பூவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எந்தக் கணக்கு சரி என்று முடிவாகாமல் வைக்க மாட்டார்கள். காகிதக் கைக்குட்டையில் பேனாவால் வட்டம் போட்டார்கள். பூமி, சூரியன், கலிபோர்னியா. ஒருவர் மெட்ராஸில் சூரியன் உதிக்கும் நேரத்தைச் சொன்னார். இன்னொருவர் அது இங்கே எதற்கு என்றார். அம்மாக்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, எதற்கு வம்பு, மூன்று ராகு காலமும் கழிந்த பிறகே வைப்போம் என்றார்கள். மூன்றும் கழிந்தால் இருட்டிவிடும். இருட்டினால் பார்க் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. கேசரி ஆறியது. வேலிக்குள் ஒரு அணில் மாட்டுக்காரன் வீட்டில் ஏறி இறங்கியது.

அக்கா மகள் எழுந்து சதுப்புப் பக்கம் போனாள். ஒருவரும் கவனிக்கவில்லை. பையன் அப்பாவின் தடியால் தரையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, தண்ணி கேன் பாலத்துக்கிட்ட இருக்குது. ஒரு கை குடுங்க," என்றேன்.

வந்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அவள் பலகைப் பாலத்தின் நடுவில் நின்றாள். நான் தாண்டிப் போய் முனையில் கேன் பக்கத்தில் நின்றுகொண்டேன். சதுப்பில் சத்தம் இல்லை. காதில் விழுந்தது.

"எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆயிருக்கு. நாலு மாசம். அடிச்சாரு. டிவோர்ஸ் ஆயிடுச்சு."

அவன் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

"அம்மாகிட்ட கேக்கணும்," என்றான்.

அவ்வளவுதான். தொட்டதற்கெல்லாம் சொந்தமாக முடிவெடுக்கிறவன் என்று அவன் அப்பா மேட்டில் ஏறும்போது சொல்லிக்கொண்டு வந்தது இந்தப் பிள்ளையைத்தான். கேனைக்கூடத் தூக்கவில்லை, திரும்பிப் போனான். நான் தூக்கிக்கொண்டு போவதற்குள் அவன் அம்மாவின் காதில் சொல்லி முடித்திருந்தான்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. பூவைத் திரும்ப ஈரத்துணியில் சுற்றினார். பையில் போட்டார். பையை இரண்டு தரம் அழுத்தி மூடினார். கேட் பூட்டிவிடுவார்கள், கிளம்பலாம் என்று புருஷனிடம் சொன்னார். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வட்டம் போட்ட கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"நீதான் ரெண்டு பேரையும் விட்டியா?"

"ஆமாங்க."

அவர் திட்டத் தொடங்குவதற்குள் பையனின் அப்பா குறுக்கே வந்தார். எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்று மகனைக் கேட்டார். புது மணிப்படி ஆறு ஆகக் கொஞ்சம் இருக்கும் என்றான் பையன். பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அந்த நேரம் எந்தக் கணக்குப் போட்டாலும் ராகுதாங்க," என்றார் பையனின் அப்பா.

"அதேதாங்க," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அன்று முழுவதும் ஒத்துப்போகாதவர்கள் அதில் ஒத்துப்போனார்கள். திரும்பி நடக்கும்போது இரண்டு பேரும் முன்னால் சேர்ந்து போனார்கள். நேரம் சரியில்லை என்று பேசிக்கொண்டே போனார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எரிமலைதான் பாவம், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அக்கா மகள் என் வேனில் ஏறினாள். அரிசி மூட்டை வாடை அடிக்கும் வேன். அவள் அழுவாள் என்று நினைத்து ரேடியோ போட்டேன். அணைத்துவிட்டாள். பின்னால் கையை நீட்டி ஹாட்பேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்பூன் இருக்கா மாமா?"

"இல்ல."

கையால் சாப்பிட்டாள். ஃப்ரீவே ஏறும்போது எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். ஆறிப்போய் இறுகியிருந்தது. நெய் அதிகம். வீடு போய்ச் சேரும்போது பாத்திரம் பாதி காலி.

வாசலில் அக்கா வீட்டுக்காரர் காருக்குப் பக்கத்தில் நின்று வாட்சை ஒரு மணி நேரம் பின்னால் திருகிக்கொண்டிருந்தார்.